பதினொன்று இருபதுக்கு வரும் வெளிச்சம்

தேசியப் பூங்காவின் தகவல் மேஜைக்குப் பின்னால் நின்று, வருகிற பயணிகளிடம் இருபத்திரண்டு வருடங்களாக நெட்ரா கேட்டுவந்த கேள்விகள் மூன்றுதான். வண்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது? எத்தனை மணிக்குள் திரும்பியாக வேண்டும்? உங்களில் யாருக்கு உயரம் என்றால் வயிற்றைக் கலக்கும்?

எத்தனை மைல் நடப்பீர்கள் என்று அவள் கேட்டதே இல்லை. எல்லோரும் பொய் சொல்கிற கேள்வி அது.

மூன்றுக்கும் பதில் வந்ததும் வரைபடத்தை அவர்கள் பக்கம் திருப்பி, மஞ்சள் பேனாவால் கோடு இழுப்பாள். காலையில் குறுகிய பள்ளத்தாக்கு, நிழல் இருக்கும்போதே. மத்தியானம் பழத்தோட்டத்தில் காட்டன்வுட் மரத்தடியில் சாப்பாடு. பெரிய செங்குன்றுச் சுவருக்கு மாலை ஐந்துக்கு மேல்தான் போகவேண்டும். மேற்கைப் பார்த்து நிற்கிற சுவர் அது, காலையில் போனால் செத்த அடுப்பு மாதிரி இருக்கும். கடைசியாக, என்ன ஆனாலும் திரும்பியே ஆகவேண்டிய நேரத்தை எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம். "இந்த மணி ஆனதும் நீங்க எங்க நின்னாலும் சரி, திரும்பிடணும். பள்ளத்தாக்கு எங்கயும் போகாது" என்பாள்.

இவ்வளவும் அவளுடைய கணவர் லாமரிடம் கற்றது. லாமர் பூங்காவின் பாதைகளைச் செப்பனிடும் குழுவுக்கு மேஸ்திரி. செங்கல் நிற மணற்பாறையில் அவர் வைத்த படிக்கட்டுகளில் ஏறுகிறவர்களுக்குப் படி ஏறுகிறோம் என்ற நினைப்பே வராது. கால் தானாக அடுத்த கல்லைக் கண்டுகொள்ளும். அவர் ஒரு கல்லை வைத்தால் அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்ப்பார், எழுந்திருக்கும்போது ஆடினால் மறுபடி பெயர்ப்பார். எந்தச் சுவரில் எந்த மாதம் எத்தனை மணிக்கு வெயில் விழும் என்பது அவருக்கு விரல் நுனியில் இருந்தது. அதையெல்லாம் சின்னச் சின்ன நோட்டுப் புத்தகங்களில் பென்சிலால் எழுதிவைத்திருந்தார்.

ஆனால் அந்த நோட்டுகளைப் படிக்க ஒரு பழக்கம் வேண்டும். வசந்தத்தில் நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்து, குளிர் வருமுன் பழையபடி திருப்பிவைக்கும். லாமர் தள்ளமாட்டார். "சூரியன்கிட்ட யாராவது சொன்னாங்களா?" என்பார். வசந்தம் முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அவருடைய கைக்கடிகாரம் ஊருக்கு ஒரு மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். குழுவில் இதற்கு 'லாமர் மணி' என்று பேர். அவர் எழுதிய எதைப் படித்தாலும் மனதுக்குள் ஒன்றைக் கூட்டிக்கொள்வது அங்கே எல்லோருக்கும் கைவந்த பழக்கம். நெட்ராவுக்குச் சொல்லவே வேண்டாம். முப்பத்தெட்டு வருடங்களாக அவள் கூட்டிக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு ஜனவரியிலும், பனி மூடிப் பாதை வேலை நிற்கும்போது, லாமர் சமையலறை மேஜையில் வரைபடங்களை விரித்துக்கொண்டு வருடம் முழுவதற்கும் திட்டம் போடுவார். அந்த ஜனவரியில் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவள் முன்னால் தள்ளினார்.

"அக்டோபர் ஒன்பதாம் தேதி வேலைக்கு வரமாட்டேன்னு இப்பவே சொல்லி வை."

அது அவர்களுடைய கல்யாண நாள்.

"அக்டோபர்லயா? அந்த மாசம் மேஜை முன்னால நிக்கிற வரிசை உங்களுக்குத் தெரியாதா?"

"பதினோரு வருஷமா இதைத்தான் சொல்ற. பள்ளத்தாக்குக்குள்ள நான் சொல்ற அந்த வெளிச்சம் வருஷத்துல ஆறு நாள்தான் தரையைத் தொடும். ஒம்பது நிமிஷம் இருக்கும். எங்கெங்கயோ இருந்து வர்றவங்களை எங்கெங்கயோ அனுப்பற. நீ ஒரு தடவை வா."

அவள் தாளைப் பார்த்தாள்.

*அக்டோபர் 9*
*8.00 சுருள் ரொட்டி. தீர்ந்துவிடும்.*
*9.15 ஓடை வாசல். வண்டியை நிழலில் விடு.*
*10.50 அங்கே. பையைக் கழற்று.*
*11.20*
*12.15 திரும்பு.*

"பதினொண்ணு இருபதுக்கு எதிர்ல ஒண்ணும் எழுதலையே?"

"எனக்கு எழுத வரலை. நீ பாத்துட்டு எழுது."

பிப்ரவரியில் ஒரு காலை, கொட்டகையில் சுத்தியலுக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தபோது லாமரின் இதயம் நின்றது. தேவாலயத்துப் பெண்கள் பாலாடைக்கட்டி போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கைப் பதினோரு பாத்திரங்களில் கொண்டுவந்தார்கள். இழவு உருளைக்கிழங்கு என்றே அந்தப் பக்கத்தில் அதற்குப் பெயர். பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்து முடிக்க ஏப்ரல் ஆயிற்று. தாள் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்துக்கு அடியில் இருந்தது. கடிகாரம் நெட்ராவின் மணிக்கட்டுக்கு வந்தது. வசந்தம் வந்தபோது அவள் அதைத் தள்ளிவைக்கவில்லை.

அக்டோபர் ஒன்பதாம் தேதி வரமாட்டேன் என்று மார்ச் மாதமே சொல்லிவிட்டாள். அந்த இடம் எந்த வரைபடத்திலும் கிடையாது. வெள்ளம் அடித்துக்கொண்டுவந்த மரங்களை அகற்றப் போனபோது லாமர் கண்டுபிடித்தது. அடையாளங்களை மட்டும் சொல்லியிருந்தார். தனியாகப் போகிறவர்களை மேஜையில் நின்று எத்தனையோ முறை தடுத்தவள் தானே தனியாகப் போகமுடியாது. லாமரின் அக்கா தோராவைக் கூப்பிட்டாள். தோராவுக்கு அறுபத்தாறு வயது. நேற்றுவரை குதிரை ஏறியவள். வாய் மட்டும் ஒருபோதும் இளைப்பாறாது.

"அஞ்சு மைல் நடக்கணும். என்னத்தைப் பாக்க?" என்றாள் தோரா தொலைபேசியில்.

"வெளிச்சத்தை."

"எங்க வீட்டுலயும் வருதுடி அது. சரி, வரேன். ரொட்டி உண்டுல்ல?"

நெட்ரா தாளை எடுத்து வழக்கம்போல ஒன்றைக் கூட்டினாள். எட்டு என்றால் ஒன்பது. பதினொன்று இருபது என்றால் பன்னிரண்டு இருபது.

ஒன்பது மணிக்குப் பழத்தோட்டத்து ரொட்டிக் கடைக்குப் போனபோது கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. பட்டை மணம் மட்டும் மிச்சம். கடைக்காரப் பெண் கையை விரித்தாள்.

"சுருள் ரொட்டி எட்டே முக்காலுக்கே போயிடுச்சு நெட்ரா. நீதானே எல்லாரையும் சீக்கிரம் போங்க, சீக்கிரம் போங்கன்னு அனுப்பற? போய் வாங்கிட்டாங்க."

"உன் பிழைப்பை நீயே கெடுத்துக்கற" என்றாள் தோரா. இரண்டு சாதா ரொட்டிகளை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

ஓடையில் தண்ணீர் இல்லை. வெள்ளம் சலித்துப் போட்ட மணல், அதன்மேல் காய்ந்து சுருண்ட சேற்றுத் தோல்கள், இரண்டு பக்கமும் அறுநூறு அடிக்குச் செங்குத்தாக எழும்பிய சுவர்கள். காலை நிழலில் அவை ஊதாவாகத் தெரிந்தன. சுவர் திரும்பும் இடங்களில் எங்கிருந்தோ எகிறி வந்த வெயில் பட்டு, அந்த ஊதாவுக்குள்ளிருந்து ஒரு சிவப்பு கனன்றது. மேலே கருநீலத்தில் ஒரு கீற்று வானம். நெட்ரா இருபத்திரண்டு வருடம் இதன் பக்கத்தில் வேலை பார்த்தவள். ஆனாலும் நடந்துகொண்டே வாய் பேச மறந்தாள். தோரா மறக்கவில்லை.

"இந்தக் கல்லு அடுக்கெல்லாம் அவன் வெச்சதா?"

"இல்ல. வழி தெரியணும்னு நடக்கிறவங்க அடுக்கினது. அவர் பாத்தா கலைச்சிடுவார். இந்த எடத்துக்கு அடையாளம் வெக்க மாட்டேன்னுட்டார்."

"அப்ப எப்படிடி போறது?"

"மூணாவது வளைவு. முப்பதடி மேல ரெண்டு சுவருக்கும் நடுவுல ஒரு கட்டை மாட்டியிருக்கும். அதுக்கு அடியில."

கட்டை இருந்தது. ஒரு முழு மரம். என்றோ வந்த வெள்ளம் அத்தனை உயரத்தில் அதைச் செருகிவிட்டு வடிந்து போயிருந்தது. தோரா அண்ணாந்து பார்த்து முதல் முறையாக ஒரு நிமிடம் சும்மா இருந்தாள். "தண்ணி அவ்வளவு உசரத்துலயா வந்துச்சு" என்று மட்டும் சொன்னாள்.

அதன் அடியில் சுவரில் ஒரு வெடிப்பு. பையைக் கழற்றினால்தான் உள்ளே போகலாம். பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து இருபது அடி போனதும் வெடிப்பு அகன்று ஒரு அறையானது. தரை மாவு போன்ற மணல். சுவர்கள் வளைந்து வளைந்து மேலே போயின, துணியை முறுக்கிப் பிழிந்தது போல. அவ்வளவு வழவழப்பு. வெறும் தண்ணீரும் மணலும் சேர்ந்து செய்த வேலை. லாமர் இங்கே வந்து கையால் தடவிப் பார்த்திருப்பார், அவருக்குத் தொழில் தெரிந்தவனைப் பிடிக்கும் என்று நெட்ரா நினைத்தாள்.

ஊர்க் கணக்கில் மணி பன்னிரண்டு. தலைக்கு மேலே, கழுத்து வலிக்கிற உயரத்தில், சுவரின் ஒரு மடிப்பில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெளிச்சப் பட்டை இருந்தது.

"வந்துட்டிருக்கு" என்றாள் நெட்ரா. "இன்னும் இருபது நிமிஷத்துல தரைக்கு இறங்கும்."

மணலில் உட்கார்ந்து இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு பத்துக்கு அந்தப் பட்டை ஒரு விரலளவு மெலிந்திருந்தது. பன்னிரண்டு இருபதுக்கு அது இறங்கவில்லை, ஏறிப்போயிருந்தது. அரை மணி கழித்து மேல் விளிம்பில் நூல் மாதிரி ஒன்று தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. அறை சாம்பல் நிறமாகக் குளிர்ந்தது.

"தேதியைத் தப்பா எழுதிட்டானா?" என்றாள் தோரா.

"அவரா?"

"அதானே." தோரா ரொட்டியைப் பிட்டு அவள் கையில் வைத்தாள். "சாப்பிடு. சுருள் ரொட்டின்னு கூட்டிட்டு வந்து இதைத் தர்ற. ரெண்டுலயும் ஏமாத்திட்ட."

நெட்ரா ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தாள். எட்டு மணி, சுருள் ரொட்டி, தீர்ந்துவிடும்.

"தோரா, ரொட்டிக் கடை எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

"எட்டுக்கு. என்னிக்கும் எட்டுக்குத்தான்."

"ஊர் மணி எட்டுக்கு."

"பின்ன?"

"அப்ப அவர் மணிக்கு ஏழு. அவர் கணக்குல எழுதியிருந்தா ஏழுன்னுதானே எழுதியிருக்கணும்?"

தோரா தாளை வாங்கிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். யாரும் சொல்லிக்கொடுக்க அவசியம் இல்லாத கணக்கு அது. அந்தத் தாளை மட்டும் லாமர் ஊர் மணியில் எழுதியிருந்தார். அது அவளுக்காக எழுதியது. அவள் கடிகாரம் பார்த்து வருவாளே என்று, ஒவ்வொரு வரியிலும் தானே ஒன்றைக் கூட்டி எழுதியிருந்தார். அவள் இன்னொரு ஒன்றைக் கூட்டிவிட்டாள்.

வெளிச்சம் பதினொன்று இருபதுக்கு வந்து, யாரும் இல்லாத மணலைத் தொட்டுவிட்டுப் போயிருந்தது. அப்போது அவர்கள் ஓடையில் இரண்டாவது வளைவில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

தோரா தாளை மடித்து நெட்ராவின் மடியில் வைத்தாள்.

"முப்பத்தெட்டு வருஷத்துல ஒரே ஒரு தடவை" என்றாள் தோரா கடைசியில், "அந்தக் கழுதை ஊரோட ஒத்துப்போயிருக்கான். அதையும் நீ நம்பலை."

நெட்ராவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது வேறு எதுவாகவோ மாறியது. தோரா அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும் வழியில் நெட்ரா கணக்குப் போட்டாள். ஆறு நாளில் இது நான்காவது. நாளைக்கும் மறுநாளைக்கும் வரும். வண்டியை எடுத்ததும் வானொலியைப் போட்டாள். நாளை மத்தியானத்துக்கு மேல் மழை, மறுநாள் முழுக்க மழை என்றது.

"அப்ப நாளைக்கு" என்றாள் தோரா. "எட்டுக்கு. ஊர் மணி எட்டு. இந்தத் தடவை எதையும் கூட்டாத, கழிக்காத."

மறுநாள் எட்டுக்கு முன்பே கடை வாசலில் நின்றார்கள். சூடான சுருள் ரொட்டி நான்கு, தாள் பையில் வெண்ணெய் கசியக் கசியக் கிடைத்தது. ஒன்பது பத்துக்கு ஓடை வாசலுக்கு வந்துவிட்டார்கள். தலைக்கு மேலே வானம் கழுவிவிட்டது போல் நீலம். தோரா இறங்கித் தண்ணீர் புட்டிகளைப் பையில் போட்டாள்.

நெட்ரா இறங்கி மேற்கே பார்த்தாள்.

இருபது மைல் தொலைவில் மலை நிற்கவேண்டும். மலை இல்லை. அந்த இடத்தில் கருப்பு மட்டும் இருந்தது, அதன் அடிப்பாகம் மழைத் திரையாகத் தொங்கியது. இந்த ஓடைக்குத் தண்ணீர் வருவது அந்த மலையிலிருந்துதான்.

அவள் வண்டியின் முன்பக்கத்தில் சாய்ந்து நின்றாள். மூன்று கேள்விகளும் தாமாக வந்தன. தண்ணீர் இருக்கிறது. உயரம் பயமில்லை. எத்தனை மணிக்குள் திரும்பியாக வேண்டும்? அந்தக் கேள்விக்கு இன்றைக்குப் பதில் இல்லை.

"நில்லு தோரா. பையை உள்ள போடு."

"ஏன்? மேல பாரு, பொட்டு மேகம் இல்ல. வானொலியிலயும் மத்தியானத்துக்கு மேலன்னுதானே சொன்னான்? ஒரு மணிக்கெல்லாம் வந்துடுவோம்."

"நமக்கு மேல பெய்யணும்னு இல்ல. அங்க பெஞ்சா இங்க வரும். அந்தக் கட்டையைப் பாத்தல்ல?"

"ஒரு மணி நேரம் முன்னப்பின்ன ஆகும்டி. ஓடிப்போய்ப் பாத்துட்டு ஓடியாந்துடலாம்."

"அந்த வெடிப்புக்குள்ள ஓட முடியாது."

"இனிமே அடுத்த வருஷம்தான். எனக்கு அறுபத்தேழு ஆயிடும். உனக்கு முட்டி வலி வேற. யாரு கண்டா?" தோரா பையை இறுக்கிப் பிடித்தாள். "அவன் உனக்குன்னு எழுதினது நெட்ரா."

"ஆமா. மேற்கு கறுத்திருக்கிறப்ப உள்ள போனேன்னு தெரிஞ்சா அவரே கிழிச்சுப் போட்டிருப்பார்." அவள் பையை வாங்கி வண்டிக்குள் வைத்தாள். "பள்ளத்தாக்கு எங்கயும் போகாது."

"மேஜைக்குப் பின்னாடி நிக்கிற குரல்ல எங்கிட்டப் பேசாத."

"வேற குரல் எங்கிட்ட இல்லடி."

தோரா கதவை அறைந்து மூடிக்கொண்டு ஏறினாள். நெட்ரா வண்டியைத் திருப்பவில்லை, கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி யோசித்தாள். இருபத்திரண்டு வருடம் ஊராருக்கெல்லாம் நாளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறாள், இன்ன நேரத்துக்கு இன்ன இடம் என்று. அவளுடைய நாட்களை லாமர் பிரித்துக் கொடுத்தார். தனக்கென்று அவள் ஒரு நாளைப் போட்டதில்லை. மழை நாளுக்கு எங்கே போகவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மேஜைக்கு முன் நனைந்து வந்து நின்ற ஒருவரிடமும் அதைச் சொல்லாமல் இருந்ததில்லை.

"எங்கடி போற? வீடு அந்தப் பக்கம்."

"வளைவு மேட்டுக்கு. ரொட்டியைப் பிரிக்காத, போய்ச் சாப்பிடலாம்."

வளைவு மேடு தார்ச்சாலை ஏறிப்போய் முடிகிற இடம். கீழே ஆறு ஒரு வளையமாகத் திரும்பும். எதிரே பள்ளத்தாக்கின் சுவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திறந்து நிற்கும். நெட்ரா வண்டியின் மூக்கு அந்தச் சுவரைப் பார்க்க நிறுத்தினாள். பத்தரைக்கு முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. பிறகு கூரையில் கல்லைக் கொட்டுவது போல மழை. இருவரும் ரொட்டியைத் தின்றார்கள். தோரா இன்னும் பேசவில்லை, ஆனால் இரண்டாவது ரொட்டியை எடுத்துக்கொண்டாள்.

பதினொரு மணி தாண்டி மழை மெலிந்தபோது எதிர்ச் சுவரின் நிறம் மாறியிருந்தது. காய்ந்த செங்கல் நிறமெல்லாம் போய், நனைந்த பாறை ரத்தச் சிவப்பில் மின்னியது. சுவரின் உச்சியில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அது நீண்டு கீழே விழுந்தது.

"அதோ" என்றாள் நெட்ரா.

பக்கத்தில் இன்னொன்று. பிறகு வலது கோடியில் ஒன்று. ஒரு நிமிடம் முன்னால் வெறும் கல்லாக இருந்த விளிம்பிலிருந்து ஐநூறு, அறுநூறு அடிக்கு அருவிகள் குதித்தன. சில பால் மாதிரி வெள்ளை. சில மணலைக் கரைத்துக்கொண்டு செம்மண் நிறம். காற்றடித்தபோது ஒன்று பக்கவாட்டில் பறந்துபோய்ச் சுவரைத் தொடாமலே புகையாயிற்று. கண்ணாடியை ஒரு விரல் இறக்கினாள். சத்தம் உள்ளே வந்தது. அதன் அடியில் வேறொரு சத்தமும் இருந்தது, தூரத்தில் பாரவண்டிகள் வரிசையாகப் போவது போல. ஓடைகளில் கல் உருளும் சத்தம் அது. அவர்கள் நடந்திருக்கவேண்டிய ஓடையும் அதில் ஒன்று.

தோரா அதைக் கேட்டாள். கேட்டதும் நெட்ராவின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, லாமரின் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பத்து இருபது."

"பதினொண்ணு இருபது" என்றாள் நெட்ரா.

தோரா கையை விடவில்லை. அந்த அறை அந்த நிமிடத்தில் எப்படி இருக்கும் என்று இருவரும் நினைத்திருப்பார்கள். சுவர்களை இன்னும் கொஞ்சம் வழவழப்பாக்கிக்கொண்டு செந்நீர் சுழன்று ஏறியிருக்கும். அதற்கு மேல் வேறு எதையும் நினைக்க நெட்ரா விரும்பவில்லை. அவர் இங்கே இருந்தால் எதைப் பார்த்திருப்பார் என்று தேடினாள். அருவி விழும் இடத்திலெல்லாம் எந்தக் கல் அசையும், நாளைக்கு எந்தப் படியைப் பெயர்த்து வைக்கவேண்டும் என்று பார்த்திருப்பார். பார்த்துக்கொண்டே மூன்று ரொட்டி தின்றிருப்பார்.

"எத்தனை?" என்றாள் தோரா.

"ஏழு."

"எட்டு. அந்த மூலையில ஒண்ணு இருக்கு பாரு, ஒல்லியா."

"அது ஈரம். அருவி இல்ல."

"ஈரம் குதிக்குமாடி?"

நெட்ரா தாளை ஸ்டியரிங்கின் மேல் வைத்து, பென்சிலைத் தேடி எடுத்தாள். பதினொன்று இருபதுக்கு எதிரே இருந்த வெற்றிடத்தை அப்படியே விட்டாள். 'திரும்பு' என்பதற்குக் கீழே எழுதினாள்:

*அக்டோபர் 10. 11.20 வளைவு மேடு. மழை. அருவி ஏழு. தோரா எட்டு என்கிறாள்.*

தோரா எட்டிப் பார்த்துப் படித்தாள். "இது எந்த மணின்னு எழுது. பின்னால படிக்கிறவ கூட்டித் தொலைக்கப் போறா."

நெட்ரா 'ஊர் மணி' என்று சேர்த்தாள். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள். எதிரே ஒல்லியான அந்த எட்டாவது இப்போது சந்தேகத்துக்கு இடமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. தோரா அதைச் சுட்டிக்காட்டவில்லை.

"அடுத்த வருஷம் எத்தனை மணிக்கு வரணும் நான்?" என்று மட்டும் கேட்டாள்.

"எட்டுக்கு. கடை திறக்கிறப்ப."